உங்கள் ஊர்ப் பாலத்தை நீங்களே பரிசோதிப்பது எப்படி?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்காரர்களுக்குப் பாலம் பற்றிய ஞானம் யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சங்கராபரணியில் வெள்ளம் போகிற நாளில் ஆரியபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி ஒருவர், "இது இந்த வருஷம் தாங்காது" என்பார். பக்கத்தில் இருப்பவர், "பிரெஞ்சுக்காரன் கட்டினதுப்பா, யானை ஏறினாலும் அசையாது" என்பார். எந்தப் பாலமாக இருந்தாலும், போன ஆட்சியில் கட்டியதாகவே இருந்தாலும், பிரெஞ்சுக்காரன் கட்டியது என்பது நம் பக்கத்து மரபு. இரண்டு பேருமே இதைப் பாலத்தின் மேல் நின்றுகொண்டுதான் சொல்வார்கள். அந்த ஞானத்தைக் கொஞ்சம் முறைப்படுத்தித் தரலாம் என்பதே இந்தக் கையேட்டின் நோக்கம்.

தேவையானவை

முதலில் ஒரு பாலம். ஊரில் பாலம் இல்லாதவர்கள் மனு எழுத வேண்டும். அதற்கான கையேடு தனி, பக்கங்களும் அதிகம். இருப்பது கர்டர் பாலமாக இருந்தால் நல்லது. அடியில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். தூணுக்குத் தூண் நீளவாக்கில் மூன்றோ நான்கோ கான்கிரீட் பீம், அவற்றைக் குறுக்கே கோக்கும் சில குட்டை பீம்கள், எல்லாவற்றின் மேலும் ஒரு ஸ்லாப் என்று இருந்தால் அதுதான் கர்டர் பாலம். இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு கண். சோதனை என்பது பெரும்பாலும் ஒரு கண்ணுக்குத்தான். எல்லாக் கண்ணையும் சோதிக்கப் பணமும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

அடுத்து, ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் நான்கைந்து. நம் பக்கம் இவற்றைத் தேடிப் போக வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் பாலத்தருகில் நின்றால் தாமாகவே வரும். ஒவ்வொன்றையும் எடைமேடையில் ஏற்றி, அச்சுக்கு அச்சு எவ்வளவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்றிருந்ததை மத்திய அரசு 2018இல் 28.5 டன்னாக உயர்த்தியது. இந்தச் செய்தி பாலங்களுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டதா என்று கேட்காதீர்கள். அறிவிப்புக்கு முன்பிருந்தே அவை அந்த எடையைச் சுமந்து பழகியவை.

பாகூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. தென்பெண்ணைக்குக் குறுக்கே போகிற பாலமென்றால் ஒரு முனை புதுச்சேரி, மறுமுனை கடலூர் மாவட்டம். நடுக்கண்ணில் விரிசல் கண்டால் அது எந்த அரசின் விரிசல் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். இதற்குக் கணினி மென்பொருள் எதுவும் இதுவரை வரவில்லை.

பாரம் ஏற்றுதல்

லாரியைப் பாலத்தில் ஏற்றி, உடையாவிட்டால் "பாஸ்" என்று எழுதுவதுதான் சோதனை என்று பலர் நினைக்கிறார்கள். அது சோதனை ஆகாது. அதன் பெயர் போக்குவரத்து. முறைப்படி செய்வதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது, ஐ.ஆர்.சி. எஸ்.பி. 51 என்று பெயர். அதன்படி லாரி வருவதற்கு முந்தைய நாளிலேயே வேலை தொடங்கிவிடும்.

முந்தைய நாள் என்ன வேலை? வெயிலை அளக்கிற வேலை. சித்திரை வெயிலில் பாலத்தின் மேல்தளம் கொதிக்கும், அடிப்பக்கம் நிழலில் குளிர்ந்திருக்கும். மேலே விரிந்து கீழே விரியாததால் கர்டரின் நடுப்பகுதி மெல்ல மேலெழும். மாலையானதும் இறங்கும். யாரும் ஏறாமலே பாலம் தினம் இப்படி மூச்சு விடுகிறது. இது தெரியாமல் நண்பகலில் லாரியை ஏற்றினால், லாரி அமுக்கிய அளவில் ஒரு பங்கை வெயில் தூக்கிக் கொடுத்துவிடும். பாலம் பலசாலி என்று சான்றிதழும் வாங்கிவிடும். ஆகவே இரவும் பகலும் வெப்பநிலையையும் கர்டரின் அசைவையும் குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் கழித்துக்கொள்ள வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்தில் இப்படி ராத்திரி முழுக்க விழித்திருந்து அளக்கிற பழக்கம் வாக்கு எண்ணிக்கைக்கு மட்டும்தான் உண்டு.

கர்டரின் அடியில், கண்ணின் நடுவில், டயல் கேஜ் நிற்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசைந்தாலும் அதன் முள் நகரும். அதை நிறுத்துவதற்கு ஆற்றுப் படுகையிலிருந்து சாரம் கட்ட வேண்டும். சங்கராபரணி வருடத்தில் பெரும்பகுதி நாள் இதற்குத் தோதாகவே இருக்கிறது. கர்டரில் நடுப்பகுதிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். புதிதாக மயிரிழை விரிசல் விட்டால் வெள்ளைமேல் பளிச்சென்று தெரியும். முதலமைச்சர் வருகிறார் என்று கைப்பிடிச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைக்கும் இதற்கும் நோக்கம் நேர் எதிர்.

வசதியுள்ளவர்கள் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டலாம். மெல்லிய சின்னத் தகடு. கான்கிரீட் எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். அது பேசுகிற அலகு மைக்ரோஸ்ட்ரெயின்: ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்னை தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறார்கள். உங்களிடம் அந்தத் தகடு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். செல்லோடேப் ஒட்டி அளந்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இப்போது லாரிகளை வரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. பாரத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் முள் நிலைகொள்ளும்வரை காத்திருந்து ஏற்ற வேண்டும். முழுப் பாரம் ஏறியபின் 24 மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். இந்தக் கட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவார். அவருடன் நடக்கும் உரையாடலுக்கு இப்போதே தயாராகிக்கொள்வது நல்லது.

"சார், என்னா சார் லாரிய நடுவுல நிறுத்தி வெச்சிருக்கீங்க? ரிப்பேரா?"

"இல்லைங்க பெரியவரே, டெஸ்ட். நாளைக்கு இந்நேரம்வரைக்கும் இப்படியே நிக்கணும்."

"பஸ்ஸு?"

"சுத்திப் போகும்."

"அப்பக் கரும்பு வண்டி?"

"அதுவும் சுத்தித்தாங்க போகணும்."

"இந்த லாரியவிட அதுல லோடு ஜாஸ்தி சார். அதயே நிறுத்தியிருந்தா டெஸ்டு நல்லா வந்திருக்குமே!"

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிரெய்லரின் எடை அதை ஓட்டுகிறவருக்கே சரியாகத் தெரியாது. சோதனைக்கு வேண்டியதோ தெரிந்த எடை, தெரிந்த இடத்தில்.

24 மணி நேரம் முடிந்ததும் லாரிகளை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் இன்னொரு 24 மணி நேரம் காத்திருங்கள். எவ்வளவு தொய்ந்தது என்பதைவிட, எவ்வளவு திரும்பி எழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கம்பி கான்கிரீட் என்றால் தொய்வில் 75 சதவீதமாவது மீண்டிருக்க வேண்டும். முன்னழுத்தக் கான்கிரீட் என்றால் 85. இவ்வளவு பாரத்துக்குப் பிறகும் பாலம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் விதி இது. அதைத் தாங்கச் சொன்ன சாலைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது.

கணினியில் பாலம் கட்டுதல்

லாரியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், ஏசி அறையில் முடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு இந்தப் பகுதி.

கணினி மாதிரியில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேலே போகிற லாரியின் எடையை எந்தக் கர்டர் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது? வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் சாமி தூக்குகிறவர்களைக் கேட்டால் இதைக் கணினி இல்லாமலே சொல்வார்கள். தண்டு விறைப்பாக இருந்தால் பாரம் எல்லாத் தோளுக்கும் பரவும். தண்டு நெகிழ்ந்தால் நடுவில் நிற்கிறவன் செத்தான். சாமி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துத் தோள் காய்க்கும், எதிர்ப்பக்கத்து ஆள் தூக்குவது போல் பாவனை செய்யலாம். பாலத்தில் தண்டின் வேலையைச் செய்வது குறுக்கு பீம்கள்.

இதைக் கணக்காக்கித் தந்தவர்களில் ஒருவர் கூர்போன். பிரெஞ்சுக்காரர் என்பதால் நமக்கு உறவுமுறை. குறுக்கு பீம்கள் வளையவே வளையாது என்று வைத்துக்கொண்டு, தாளும் பேனாவுமே போதும்படி ஒரு சூத்திரம் கொடுத்தார். இரண்டரை மீட்டர் இடைவெளியில் மூன்று கர்டர் உள்ள ஒரு பாலம் என்று வைத்துக்கொள்வோம். லாரி நட்டநடுவில் போனால் ஆளுக்கு 33 சதவீதம், சண்டையில்லை. அதே லாரி, எதிரே வருகிற ஆட்டோவுக்கு ஒதுங்கி, நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் ஓரமாகப் போனால்? ஓரக் கர்டருக்கு 73 சதவீதம். நடுக் கர்டருக்கு அதே 33. மொத்தம் 106 ஆகிவிட்டதே என்று பதற வேண்டாம். எதிர் ஓரத்தில் இருக்கும் கர்டருக்கு மைனஸ் 7. அதாவது அது பாரம் சுமக்கவில்லை, மேலே தூக்கப்படுகிறது. டீக்கடையில் இந்த மைனஸ் ஏழைச் சொல்லிப் பாருங்கள், அன்றைய விவாதம் உங்களோடு முடிந்துவிடும்.

கூர்போன் சூத்திரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. கண்ணின் நீளம் பாலத்தின் அகலத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும். குறுக்கு பீம்கள் போதிய எண்ணிக்கையிலும், உயரத்தில் கர்டரில் முக்கால் பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த ஜான்சன் விக்டரின் பாலப் பொறியியல் பாடநூலில் இதைப் படிக்காமல் இந்தியாவில் சிவில் பட்டம் வாங்கியவர்கள் குறைவு. படித்ததில் நிபந்தனைகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவு.

நிபந்தனைக்குள் அடங்காத பாலத்துக்கு கிரில்லேஜ் இருக்கிறது. ஸ்லாப், கர்டர் எல்லாவற்றையும் உருவிவிட்டு, அவற்றின் விறைப்பை மட்டும் நெடுக்கும் குறுக்குமான கோடுகளில் ஏற்றிவிடுவார்கள். கோடுகள் சந்திக்கிற இடத்தில் முடிச்சு. லாரியை அந்த முடிச்சுகளின் மேல் ஓட்டினால் கணினி ஒவ்வொரு கோட்டிலும் எவ்வளவு வளைவு விசை என்று சொல்லிவிடும். 1950களின் கடைசியில் கணினி என்பது அறை நிறையும் யந்திரமாக இருந்த காலத்தில் பிரிட்டனில் தொடங்கிய வித்தை இது. இன்றும் நாட்டில் பெரும்பாலான பாலங்கள் இதில்தான் தேறுகின்றன. இன்னும் நுணுக்கம் வேண்டுவோர் முழுப் பாலத்தையும் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டி ஃபைனைட் எலிமென்ட் முறைக்குப் போகலாம். அதில் வண்ணப்படம் வரும். நீலம் நிம்மதி, பச்சை பரவாயில்லை, சிவப்பு அபாயம். சிவப்பு வந்துவிட்டால் கலங்காதீர்கள். வண்ண அளவுகோலின் மேல் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினால் முழுப் பாலமும் பச்சையாகிவிடும். திட்ட அறிக்கையின் அட்டைக்கும் அந்தப் படம் நன்றாக இருக்கும்.

எந்த லாரியை ஓட்டுவது? அதையும் நீங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. ஐ.ஆர்.சி. 6 என்ற விதிநூலில் கற்பனை வாகனங்கள் இருக்கின்றன. 'கிளாஸ் ஏ' என்பது எட்டு அச்சுள்ள 55.4 டன் வண்டித் தொடர். '70 ஆர்' வகையில் சக்கர வண்டி 100 டன். சங்கிலிப் பட்டையில் ஊர்கிற வண்டி 70 டன், பீரங்கி வண்டியை மனத்தில் வைத்தது. பாகூர் வயற்காட்டில் இதுவரை பீரங்கி வண்டி வந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கடலூரிலிருந்து முள்ளோடை மதுக்கடைகளுக்கு வந்து திரும்புகிற கூட்டத்துக்கு அந்த விதிநூலில் இடமே இல்லை. அந்தப் பாரம் போகும்போது நேராகவும் வரும்போது குறுக்கும்நெடுக்குமாகவும் அசையும் என்பதை மாதிரி அமைப்பவர்கள் கவனத்தில் கொள்ளலாம்.

பாலம் அதிர்கிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு

அதிரட்டும். 24 மீட்டர் நீளக் கண் விநாடிக்கு நான்கைந்து தடவை அதிர்வது அதன் சுபாவம். ஸ்விட்சர்லாந்தில் எம்பா என்ற சோதனை நிறுவனம் 60 ஆண்டுகளாகப் பாலங்களின் மேல் லாரி ஓட்டி அளந்ததை ரெட்டோ காண்டியேனி என்ற பொறியாளர் 1983இல் தொகுத்தார். கண்ணின் நீளம் மீட்டரில் தெரிந்தால் நூறை அதனால் வகுத்தாலே அதிர்வெண் தோராயமாகக் கிடைத்துவிடும் என்று அந்தத் தொகுப்பிலிருந்து தெரியவந்தது. அந்தச் சோதனைகளில் சாலை மோசமாக இருந்தால் என்னாகும் என்று பார்க்க, வழவழப்பான சாலையில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன் மேல் லாரியை ஏறி இறங்க வைத்தார்கள். நம் பக்கம் பலகைச் செலவு மிச்சம்.

பாலத்தின் இரு முனையிலும், சாலை இறங்கிப் போய்ப் பாலம் மட்டும் இறங்காமல் நிற்பதால் உண்டாகும் அந்த மேட்டில் பேருந்து "டங்" என்று விழுகிறதே, அதுதான் கர்டருக்கு விழுகிற அடி. விதிநூல் இதற்காக நின்ற எடையோடு ஒரு சதவீதத்தைக் கூட்டச் சொல்கிறது. கிளாஸ் ஏ வண்டிக்குக் கான்கிரீட் பாலத்தில், நாலரையைக் கண்ணின் நீளத்தோடு ஆறைக் கூட்டி வகுக்க வேண்டும். 24 மீட்டர் கண்ணுக்கு 15 சதவீதம் வரும். ஆறே மீட்டர் உள்ள மதகுக்கு? 37.5 சதவீதம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் மேல் உள்ள குட்டிப் பாலங்களை ஏளனம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பெரிய பாலத்துக்குப் பொன்னாடை, ரிப்பன், கல்வெட்டு எல்லாம் உண்டு. அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடி வாங்குகிற மதகுக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை, சுவரொட்டிதான்.

தார் போடும்போது செய்ய வேண்டியது

இது முக்கியம், யாரும் சொல்வதில்லை. தேர்தலுக்கு முன் சாலைக்குத் தார் போடுவார்கள். சாலையில் சுரண்டாமல் போடுவது போலவே பாலத்திலும் பழைய தாரின் மேல் புதுத் தாரைப் போட்டுக்கொண்டு போவார்கள். ஐந்து சென்டிமீட்டர் கனம்தானே என்று தோன்றும். ஏழரை மீட்டர் அகலம், 24 மீட்டர் நீளம் உள்ள ஒரே ஒரு கண்ணில் அது ஒன்பது கன மீட்டர். எடை கிட்டத்தட்ட 20 டன். லாரியாவது போய்விடும். இது 24 மணி நேரமும், அடுத்த தேர்தல் வரையிலும் அங்கேயே இருக்கும். இரண்டு தேர்தலுக்கு 40 டன். கைப்பிடிச் சுவர் வருடா வருடம் குட்டையாகிக்கொண்டே போனால் பாலம் தொய்கிறது என்று புகார் எழுதாதீர்கள். சாலை உயர்கிறது என்று எழுதுங்கள்.

இங்கிலாந்தில் செஸ்டர் நகருக்கு அருகில் டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய வார்ப்பிரும்புக் கர்டர் பாலம் 1847 மே 24ஆம் தேதி ரயிலோடு விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் தீப்பொறியிலிருந்து மரத்தளத்தைக் காப்பதற்காக அதன் மேல் ஜல்லி பரப்பியிருந்தார்கள். நல்லெண்ணத்தில் ஏற்றிய எடைதான் அதுவும். அந்த விபத்துக்குப் பிறகுதான் ஓடுகிற பாரத்துக்கும் நிற்கிற பாரத்துக்கும் பாலம் ஒரேமாதிரி வளைகிறதா என்று போர்ட்ஸ்மவுத்தில் சரிவிலிருந்து வண்டியை உருட்டிவிட்டுச் சோதித்தார்கள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லிஸ் அதை வழிநடத்தினார், ஸ்டோக்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கு நாம் கூட்டுகிற அந்த 15 சதவீதத்தின் பூர்வகதை அங்கேதான் தொடங்குகிறது.

முடிவு வந்ததும் என்ன செய்வது?

பெரும்பாலும் நல்ல முடிவுதான் வரும். இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். கனடாவைச் சேர்ந்த பைதார் பக்த், லெஸ்லி ஜேகர் என்ற இருவர் பல பாலங்களில் பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஓர் ஆச்சரியம் கிடைத்தது என்று 1990இல் எழுதினார்கள். கணக்கில் சேர்க்காத கைப்பிடிச் சுவர் பாரத்தில் பங்கெடுக்கிறது. சுழல வேண்டிய முனை துருவேறி இறுகிப்போய்க் கர்டரைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்லாப்பும் கர்டரும் பேசாமலே கூட்டுச் சேர்ந்துவிடுகின்றன. கணினி சொன்னதைவிடக் குறைவாகவே பாலம் தொய்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் துரு தருகிற உதவியை எத்தனை நாளைக்கு நம்புவது என்று அந்த முள் சொல்லாது.

கெட்ட முடிவு வந்தாலோ, வரும் என்று சந்தேகம் வந்தாலோ, நீதிமன்றத்துக்குத் தயாராகுங்கள். கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டு, மூன்று ஆண்டு முடிவதற்குள், 2019 மே மாதம் மூடப்பட்டது. கர்டர்களில் விரிசல். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வு செய்தது, பொறியாளர் இ. ஸ்ரீதரன் மேற்கட்டுமானத்தை மாற்றிக் கட்டச் சொன்னார். முதலில் பாரச் சோதனை செய்யட்டும் என்று மாற்றிக் கட்டுவதை எதிர்த்த தரப்பு கேட்டது, கேரள உயர் நீதிமன்றமும் செய்யச் சொன்னது. சோதனையில்லாமலே திருத்திக் கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பரில் அனுமதித்தது. திருத்திக் கட்டிய பிறகு லாரி ஏற்றிச் சோதித்து 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். விரிசல் விட்ட கர்டரில் லாரி நிறுத்தி, அது அன்றைக்கு விழவில்லை என்பதை நிரூபித்து யாருக்கு லாபம் என்று கேட்டவர்கள் பக்கம்தான் என் ஓட்டு. சோதனை அன்றைய பலத்தைச் சொல்லும், ஆயுளைச் சொல்லாது.

இப்போது கீழே இறங்குங்கள்

இவ்வளவு நேரம் மேலே நடந்ததெல்லாம் லாரி சம்பந்தப்பட்டது. நம் பக்கத்துப் பாலங்களை அடித்துக்கொண்டு போவது லாரி இல்லை, தண்ணீர். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதால் ரயில்களை நிறுத்தினார்கள். அதே தென்பெண்ணையின் மேல்பகுதியில், திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, மூன்று மாதம் முன்பு செப்டம்பரில் திறந்த பாலம் போய்விட்டது. வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட வெள்ளத்தைவிடப் பல மடங்கு வந்தது என்று அரசுத் தரப்பில் விளக்கினார்கள். அந்தப் பாலத்தின் கர்டர் எத்தனை டன் தாங்கும் என்ற கேள்விக்கு அன்றைக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் 40 ஆண்டுப் பழைய கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 அன்று இடிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பீடமும் இணைப்பும் நசுங்கியதே காரணம் என்று முதல்கட்ட விசாரணை சொன்னது. கர்டர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

நீங்கள் பாருங்கள். கோடையில், தண்ணீர் வற்றியபோது, ஆற்றில் இறங்கித் தூணின் தலைப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். கர்டருக்கும் தூணுக்கும் நடுவில் கறுப்பாக, நான்கைந்து விரற்கடை உயரத்தில் ஒரு ரப்பர் மெத்தை தெரியும். அதுதான் பேரிங். வெயிலில் கர்டர் நீள்வதற்கும் பாரத்தில் சுழல்வதற்கும் அது இடம் கொடுக்க வேண்டும். அநேகமாக அதைச் சுற்றி, கட்டிய நாளில் எடுக்காமல் விட்ட பலகைத்துண்டும் காய்ந்த சிமென்டும் அடைத்துக்கொண்டிருக்கும். மேலே இணைப்பிடுக்கிலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீர் கர்டரின் முனையில் வெள்ளைக் கோடாக இறங்கியிருக்கும். புறா எச்சம் ஒரு முழம். இடுக்கில் ஓர் அரசங்கன்று துளிர்த்து, நல்ல ஆரோக்கியமாக இருக்கும். ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கியோ விளிம்பு வெடித்தோ இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தூணின் காலுக்கு வாருங்கள். மணல் எந்த மட்டத்தில் நிற்கிறது, முன்பு எந்த மட்டத்தில் நின்றது என்று தூணிலேயே நிறமாற்றம் காட்டும். மண்ணுக்குள் இருக்க வேண்டிய அடித்தளம் வெளியே தெரிந்தால் ஆறு அரித்திருக்கிறது, அல்லது ஆற்றை யாரோ அள்ளியிருக்கிறார்கள். கிரில்லேஜ் மாதிரியில் தூணின் காலடியில் ஒரு சின்ன முக்கோணம் போட்டிருப்பார்கள். இங்கே பாலம் அசையாது என்று அர்த்தம். அந்த முக்கோணம் அங்கே மணல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. அது இன்னும் இருக்கிறதா என்று கணினி போய்ப் பார்க்காது.

கடைசி வேலைக்கு லாரி, டயல் கேஜ், மென்பொருள் எதுவும் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் புதுச்சேரி பொதுப்பணித் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எங்கள் ஊர்ப் பாலத்தை அடியில் இறங்கிக் கடைசியாக ஆய்வு செய்தது எந்தத் தேதி? பேரிங் எப்போது மாற்றப்பட்டது? தூண்களின் அடியில் மண் அரிப்பு எப்போது அளக்கப்பட்டது, ஆழம் எவ்வளவு? தார் எத்தனை அடுக்கு, மொத்தக் கனம் என்ன? பாரச் சோதனை அறிக்கை இருந்தால் நகல் தரவும். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், ஆகஸ்டிலேயே அனுப்பிவிடுங்கள்.